தேரையின் நுரையீரலில் கோடையைக் கழிக்கும் புழு

வேலூர்ப் பக்கம் சொறித்தவளை என்று சொல்லப்படும் தேரையின் நுரையீரல், காற்று நிரம்பிய மெல்லிய பை. நம் நுரையீரலின் பஞ்சுத்தன்மை அதற்குக் கிடையாது. பாதி ஊதிய பலூனின் உள்பக்கத்தில் வலைபோல மடிப்பு வைத்தால் எப்படியோ அப்படி இருக்கும். புழு உள்ள தேரையானால், அந்தச் சுவரைக் கிழிக்காமலே உள்ளே கறுப்பு நூல் ஒன்று நெளிவது வெளியிலிருந்து தெரியும். தையல் நூலை ஒரு சென்டிமீட்டருக்கு நறுக்கிப் போட்டது போன்ற அளவு. அந்தக் கறுப்பு, புழுவின் சொந்த நிறம் அல்ல. புழுவின் உடல் தெளிவானது. அது குடித்த தேரை இரத்தம் குடலுக்குள் செரித்துக் கறுத்து நிற்பதுதான் வெளியே தெரிகிறது.

இதன் பேரினப் பெயர் ராப்டியாஸ். நூற்புழு வகை. கத்தரி, தக்காளி வேரில் முடிச்சு போடும் நூற்புழுவுக்குத் தூரத்து உறவு. உலகெங்கும் தவளை, தேரை, பல்லி, பாம்பு ஆகியவற்றின் நுரையீரலில் வாழும் எண்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இந்தப் பேரினத்தில் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மிக நெடுநாளாக ஆராயப்பட்டது ராப்டியாஸ் புஃபோனிஸ் என்னும் ஐரோப்பிய இனம். 1788-இலேயே பெயர் பெற்றுவிட்டது. நம் நாட்டுத் தேரையிலும் ராப்டியாஸ் புழுக்கள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் பழைய இந்தியப் பதிவுகளில் ‘புஃபோனிஸ்’ என்று எழுதியிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பேரினத்துப் புழுக்கள் உருவத்தில் ஒன்றையொன்று உரித்து வைத்தாற்போல இருக்கும். டிஎன்ஏ பார்க்கத் தொடங்கிய பிறகு, ஒரே பெயரில் கிடந்தவை பல இனங்களாகப் பிரிந்துகொண்டே போகின்றன. வேலூரில் ஒரு தேரையில் இந்தப் புழு கிடைத்தால், டிஎன்ஏ முடிவு வரும்வரை குப்பியின் சீட்டில் ‘ராப்டியாஸ்’ என்று மட்டும் எழுதுவதே நேர்மை.

தேரை என்ற சொல்லையும் இங்கே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் மெலிந்த மரத்தவளையையும் பல வீடுகளில் தேரை என்றே சொல்கிறார்கள். இந்தக் கட்டுரையில் தேரை என்றால், தெருவிளக்கின் கீழே பூச்சி பிடிக்க உட்கார்ந்திருக்கும் சொரசொரப்பான தோல்காரன். கண்ணுக்குப் பின்னால் நஞ்சுச் சுரப்பி புடைத்திருக்கும், தலையில் கறுத்த வரம்புகள் ஓடும். அறிவியல் பெயர் டட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ்.

நுரையீரலில் ஒரு தலைமுறை, மண்ணில் ஒரு தலைமுறை

ஒட்டுண்ணிப் புழு என்றதும், முட்டை, இளம்புழு, முதிர்ந்த புழு என்று ஒரே கோட்டில் போகும் வாழ்க்கையைத்தான் நினைப்போம். ராப்டியாஸ் அப்படி அல்ல. ஒரு தலைமுறை நுரையீரலில் இரத்தம் குடித்து வாழும். அதன் பிள்ளைகள் மண்ணில் பாக்டீரியா தின்று, தேரையே தேவையில்லாமல் வாழ்ந்து, இணைசேர்ந்து முடிந்துபோகும். பேரப்பிள்ளைகள் மறுபடி தேரையைத் தேடும். பாட்டியும் பேத்தியும் ஒரு சாயல், நடுவில் உள்ளவர்கள் வேறு சாயல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே இனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இதை முதலில் அவிழ்த்தது 1865-இல், ஜெர்மனியின் கீசென் நகரில். ருடால்ஃப் லாய்க்கார்ட் என்ற ஒட்டுண்ணியியலாளரின் ஆய்வகத்தில் இலியா மெச்னிகோஃப் என்ற, இருபது வயதை எட்டிக்கொண்டிருந்த ரஷ்ய இளைஞர் தவளை நுரையீரல் புழுவின் இளம்புழுக்களை வெளியே வளர்த்துப் பார்த்தார். அன்று இதன் பெயர் அஸ்காரிஸ் நைக்ரோவெனோசா. குடலின் கறுப்பைக் குறித்த பெயர் அது. வளர்ந்தவை ஒட்டுண்ணிகளாக மாறாமல், ஆணும் பெண்ணுமாகத் தனித்து வாழும் புழுக்களாயின. கண்டுபிடிப்பு யாருடையது என்பதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பெரிய மனத்தாங்கல் வந்து பிரிந்தார்கள். அந்த மாணவர்தான் பின்னாளில் வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்குவதைக் காட்டி 1908-இல் நோபல் பரிசு பெற்றவர். நோய் எதிர்ப்பு ஆற்றலைப் பற்றிய வரலாற்றில் அவர் பெயர் தெரிந்தவர்களில் பலருக்கு, அவர் கை பழகியது தவளைப் புழுவில் என்பது தெரியாது.

இனி நுரையீரலில் இருந்தே தொடங்குவோம். அங்கே உள்ள புழு பொதுவாக 5 முதல் 13 மில்லிமீட்டர் நீளம். ஆண், பெண் என்ற பிரிவு கிடையாது. எல்லாமே இருபாலுயிரி. ஒரே இனப்பெருக்க உறுப்பு முதலில் விந்தணுவை உண்டாக்கிச் சேமித்துக்கொள்ளும், பிறகு முட்டையை உண்டாக்கும். அதனால் ஒரு தேரைக்குள் ஒரே ஒரு புழு போய்ச் சேர்ந்தாலும் போதும், துணை இல்லாமலே குடும்பம் நடக்கும். முட்டை ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். உள்ளே இளம்புழு சுருண்டிருக்கும் நிலையிலேயே அது நுரையீரலுக்குள் விடப்படும். மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் கோழையோடு சேர்த்து அதை மேலே தள்ளும். தேரை அதை விழுங்கும். குடலில் முட்டை பொரிந்து, இளம்புழுக்கள் எச்சத்தோடு வெளியேறும். அதாவது நுரையீரலில் இருக்கும் புழுவைத் தேட வேண்டிய இடம் எச்சம்தான். தேரையை அறுக்காமல் ஆராய முடிவதற்குக் காரணமே இந்தச் சுற்றுவழி.

வெளியே வந்த இளம்புழுவுக்கு இரண்டு பாதை உண்டு. நேரடியாகவே தொற்றும் பருவத்துக்கு வளர்வது ஒன்று. மண்ணில் ஆண், பெண் புழுவாக முதிர்வது மற்றது. பாம்புகளில் வாழும் ராப்டியாஸ் இனங்கள் பெரும்பாலும் முதல் பாதையில் போகும். தவளை, தேரை இனங்கள் பெரும்பாலும் இரண்டாவதில். ஆணும் பெண்ணும் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு விடை குரோமோசோம் கணக்கில் இருக்கிறது. 1911-இல் போவெரி, ஷ்லைப் என்ற ஜெர்மன் விலங்கியலாளர்கள் தனித்தனியே காட்டியது இது: இருபாலுயிரிக்கு 12 குரோமோசோம். விந்தணு உண்டாகும்போது சிலவற்றில் ஓர் எக்ஸ் குரோமோசோம் தவறிப்போகும், அதனால் 6 உள்ள விந்தணுவும் உண்டு, 5 உள்ள விந்தணுவும் உண்டு. 6 உள்ள முட்டையோடு 6 சேர்ந்தால் 12 உள்ள பெண், 5 சேர்ந்தால் 11 உள்ள ஆண். மண்ணில் உள்ள அந்த ஆணின் விந்தணுக்களிலும் பாதிக்கு 5 தான் இருக்கும், ஆனால் அவை வீணாகிவிடும். 6 உள்ளவை மட்டுமே கருவாக்கும். ஆகவே அடுத்த தலைமுறையில் எல்லோருக்கும் 12, எல்லோரும் நுரையீரலுக்குப் போகிற இருபாலுயிரிகள்.

மண்ணில் நடக்கும் அத்தியாயம் சில நாள்தான். எச்சத்தில் பெருகும் பாக்டீரியாவைத் தின்று, இரண்டு மூன்று நாளில் முதிர்ந்து இணைசேர்ந்துவிடும். பெண் புழு முட்டையை வெளியே இடுவதில்லை. குட்டிகள் அதன் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, தாயின் உள்ளுறுப்புகளைத் தின்று வளரும். ஈன்றதும் அழியும் வாழையைப் பெரியவர்கள் உவமை காட்டுவார்கள். இங்கே தாய், பிள்ளைகளுக்குச் சோறும் வீடும் ஆகிவிடுகிறது. கடைசியில் மிஞ்சுவது தாயின் வெற்றுத் தோல், அதற்குள்ளே புரளும் ஒன்றோ சிலவோ ஆன பெரிய இளம்புழுக்கள். நுண்ணோக்கியில் இந்தக் காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு ராப்டியாஸை வேறெதோடும் குழப்பிக்கொள்வது கடினம்.

தாயின் தோலைக் கிழித்து வெளிவரும் இளம்புழு உண்ணாது. பழைய தோல் உறைபோலப் போர்த்தியிருக்கும். உடம்பில் சேர்த்த கொழுப்புதான் அதன் கட்டுச்சோறு, அது தீர்வதற்குள் தேரை வர வேண்டும். ஈரமண்ணில் காத்திருந்து, தேரை உட்காரும்போது தோலைத் துளைத்து உள்ளே போகும். ஆஸ்திரேலியாவில் கரும்புத் தேரையின் புழுவைப் பின்தொடர்ந்தவர்கள், அது கண்குழி வழியாகவும் நுழைவதைக் கண்டார்கள். மண்புழுவுக்குள்ளும் நத்தைக்குள்ளும் வளராமல் தங்கி, அவற்றைத் தின்னும் தேரைக்குள் போய்ச்சேருவதும் உண்டு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தப் புழு விஷயத்தில் நுணல் பெரும்பாலும் கெடுவது தன் தோலால். குடிநீரைக்கூடத் தோல் வழியாகவே உறிஞ்சும் பிராணி அது. ஈரமான இடமாகப் பார்த்து அடிவயிற்றை மண்ணில் அழுத்தி உட்காருவது அதன் இயல்பு. புழு காத்திருப்பதும் அதே ஈரத்தில்.

உள்ளே போனவை எல்லாம் நுரையீரலைச் சேர்வதில்லை. உடற்குழிக்குள் அலையும், தசையில் சிக்கும், உடலின் எதிர்ப்பில் அழியும். நுரையீரலை எட்டியவை மட்டுமே இரத்தம் குடித்து முதிர்ந்து முட்டையிடும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

வேலூர் மண்ணும் மழையும்

வட ஆர்க்காட்டின் சிக்கல் இங்கேதான் வருகிறது. மண்ணில் வாழும் தலைமுறைக்கு ஒரு வாரமாவது விடாத ஈரம் வேண்டும். நம் பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர். சென்னைக் கடற்கரையைப் போல எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடுவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காலத்தில் மாலை இடிமழையாகப் பெரும் பங்கு கிடைத்துவிடும், மிச்சம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரி முதல் மே வரை வானம் பெரும்பாலும் வறண்டது. கத்தரி வெயிலில் 40 பாகை தாண்டும் நாள்களில் செம்மண்ணின் மேல் இரண்டு விரற்கடையில் எந்த நூற்புழு இளம்புழுவும் நெளிய முடியாது.

அந்த மாதங்களில் புழு எங்கே இருக்கிறது? தேரைக்குள். தேரை கல்லிடுக்கிலும் கிணற்றுச் சுவர்ப் பொந்திலும் ஒடுங்கிக் கிடக்கும்போது, அதன் நுரையீரல் மட்டுமே புழுவுக்கு ஈரமுள்ள, இரத்தமுள்ள, வெயில் படாத இடம். மழைக்காலத்து மண் இந்தப் புழுவுக்குப் பெருகும் இடம், கோடையின் நுரையீரல் தாக்குப்பிடிக்கும் இடம். இரண்டு வாழ்க்கைகளையும் இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான், குளிர்ந்த ஐரோப்பாவில் எழுதப்பட்ட பாடங்களை இங்கே எப்படிப் பொருத்துவது என்று புரியும். அங்கே மண்ணின் தலைமுறையைத் தடுப்பது பனிக்காலம். இங்கே அந்த வேலையைச் செய்வது வறட்சி.

ஆனால் ஊருக்குள் வறட்சி ஒரே சீராக இருப்பதில்லை. குழாயடி, குளியலறைத் தண்ணீர் ஓடும் வாழைப்பாத்தி, மாட்டுத் தொழுவத்து எருக்குழி ஓரம், மோட்டார் தண்ணீர் வடியும் வாய்க்கால் முனை ஆகியவை ஆண்டு முழுதும் நனைந்தே இருக்கும். கோடையில் தேரைகள் கூடுவதும் இங்கேதான். பத்துச் சதுர அடியில் ஐந்தாறு தேரைகள் இரவுதோறும் எச்சமிட்டு, அதே ஈரத்தில் அடிவயிற்றை வைத்து உட்கார்ந்தால் புழுவுக்கு வேறென்ன வேண்டும்? காவேரிப்பாக்கம் ஏரிபோன்ற பெரிய நீர்நிலைகளின் கரையைவிட, வீட்டுப் பின்கட்டின் ஈரத் திட்டுகளில் கோடைத் தொற்று நடக்க வாய்ப்பு அதிகம். ஏரிக்கரை ஈரம் நீரோடு சேர்ந்து உள்வாங்கிவிடும், பின்கட்டு ஈரம் உள்வாங்காது.

மழைக்கால ஆபத்து வேறு மாதிரி. நல்ல மழைக்குப் பின் தேரைகள் குட்டைகளில் இரட்டைச் சரடாக முட்டையிடும். கறுத்த தலைப்பிரட்டைகள் கூட்டமாகத் திரியும். சில வாரங்களில் கால் முளைத்து, வால் சுருங்கி, விரல் நகம் அளவுத் தேரைக்குஞ்சுகள் கரையேறும். நீரில் இருந்தவரை இந்தப் புழுவின் தொல்லை அவற்றுக்கு இல்லை. கரையேறிய அன்றே தொடங்குகிறது. அந்த ஈரக்கரைதான் பெரிய தேரைகளும் வந்து போன இடம். வளர்ந்த தேரைக்குள் ஒரு சென்டிமீட்டர்ப் புழு சிறிய சங்கதி. தானே ஒரு சென்டிமீட்டர் உள்ள குஞ்சின் நுரையீரலில் ஐந்தாறு புழுக்கள் வளரத் தொடங்கினால் கதை வேறு.

ஐரோப்பியத் தேரைக்குஞ்சுகளைத் திட்டமிட்ட எண்ணிக்கையில் இளம்புழுக்களுக்கு ஆட்படுத்திய ஆய்வுகள் 1992-93இல் வெளியாயின. புழு ஏறிய குஞ்சுகள் குறைவாகத் தின்றன, மெதுவாக வளர்ந்தன, அதிகம் இறந்தன. ஓட்டமும் தளர்ந்தது. கரும்புத் தேரைக்குஞ்சுகளில் 2009-இல் செய்த சோதனையிலும் இதே போக்கு. வளர்ந்த தேரைகளோ புழுவோடு பெரிய தொல்லையின்றி வாழ்ந்துவிடுகின்றன. அதனால் பெரிய தேரைகளை மட்டும் பார்த்துவிட்டு ‘தீங்கில்லாத புழு’ என்று எழுதுவது தவறு. தீங்கு நடந்து முடிந்த இடம் கரை. அங்கே செத்த குஞ்சுகளைக் காக்கையும் எறும்பும் எடுத்துப் போயிருக்கும்.

கரும்புத் தேரை தென் அமெரிக்கப் பிராணி. கரும்பு வண்டை ஒழிக்க 1935-இல் ஹவாயிலிருந்து குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். அது வண்டை விட்டுவிட்டு நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் பரவியது. அதன் நுரையீரல் புழு உள்ளூர்த் தவளைகளிடமிருந்து தொற்றியது என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2008-இல் டிஎன்ஏ பார்த்தபோது, அது தேரையோடு அமெரிக்காவிலிருந்தே வந்த ராப்டியாஸ் சூடோஸ்ஃபெரோசெஃபாலா என்று தெரிந்தது. பரவலின் முன்வரிசையில் போகும் தேரைகளிடம் இந்தப் புழு இல்லை, ஓரிரு ஆண்டு பின்தங்கித்தான் வந்துசேர்கிறது. காரணம் எளிது: முன்வரிசையில் தேரைகள் அடர்த்தி குறைவு, ஒன்றின் எச்சத்தில் இன்னொன்று உட்காரும் வாய்ப்பும் குறைவு. நமக்கு இது அயல்நாட்டுச் செய்தி அல்ல. நம் தெருவிளக்குத் தேரையே மடகாஸ்கர் தீவின் கிழக்குக் கரையில் ஊடுருவிப் பெருகிவிட்டதாக 2014-இல் அறிவித்தார்கள். அதன் நுரையீரலில் எது கப்பலேறியது, எது தங்கிவிட்டது என்று ஒப்பிட, அது இயல்பாக வாழும் நாடுகளில் என்னென்ன இருக்கின்றன என்று தெரிய வேண்டும். இந்தியத் தேரைகளின் புழுக்களைச் சரியான பெயரோடு பதிவுசெய்வது அதனால்தான் அவசரமான வேலை.

மனிதருக்குத் தொற்றுமா

தொற்றாது. ராப்டியாஸ் மனிதரில் வளராது. ஏரிக்கரையில் வெறுங்காலோடு நடந்து பாதத்தில் அரிப்பு வந்தால் தேரைமேல் பழி போட வேண்டாம். கொக்கிப்புழு போன்றவற்றின் இளம்புழுக்கள் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

ஆனால் ராப்டியாஸுக்கு நெருங்கிய உறவான ஒரு புழு மனிதரில் உண்டு: ஸ்ட்ராங்கிலாய்டிஸ் ஸ்டெர்கோராலிஸ். அதுவும் மண்ணில் ஆண் பெண்ணாக ஒரு தலைமுறை வாழக்கூடியது, தோலைத் துளைத்து நுழைவது. நுரையீரல் வழியாகப் போய், விழுங்கப்பட்டு, குடலில் தங்கும். ராப்டியாஸிடம் இல்லாத ஒரு கொடிய பழக்கம் அதற்கு உண்டு. மண்ணுக்கே போகாமல், குடலுக்குள்ளேயே தொற்றும் பருவம் எய்தி அதே ஆளை மறுபடி தொற்றும். அதனால் ஒருவரின் உடலில் பத்து இருபது ஆண்டுகள்கூட ஓசையின்றி இருக்கும். வேறு நோய்க்காக ஸ்டீராய்டு கொடுத்ததும் கட்டுமீறிப் பெருகி உயிருக்கே உலைவைக்கும். குடற்புழுவுக்கு வழக்கமாகத் தரும் அல்பெண்டசோல் இதற்குப் போதாது, ஐவர்மெக்டின் வேண்டும். மண்வழிக் குடற்புழுக்களின் பரவலை அறவே நிறுத்த முடியுமா என்று பெனின், மலாவி, இந்தியா மூன்று நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் இந்தியக் களம், வேலூர் சிஎம்சி நடத்திய திமிரி, ஜவ்வாது மலைப் பகுதிகள். மனிதப் புழுவைப் பற்றி இவ்வளவு வேலை நடந்த மண்ணில் தேரைப் புழுவைப் படிப்பதில் ஒரு வசதி உண்டு. எச்சத்தை வளர்த்து இளம்புழுவைத் தேடும் முறைகள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. தேரைப் புழுவில் கை பழகியவருக்கு மருத்துவ ஆய்வகத்தில் வேலை எளிதாகும், தவறினாலும் ஆபத்தில்லை.

அறுக்காமல் பார்க்கும் முறை

கல்லூரி விலங்கியலில் தவளை அறுப்பு ஒரு காலத்தில் கட்டாயப் பாடம். 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு அதை நிறுத்தச் சொன்னது. இந்தப் புழுவைப் பொறுத்தவரை அதனால் பெரிய இழப்பில்லை. எச்சம் போதும். தேரையை ஓரிரவு பிடித்துவைப்பதற்கும் வனத்துறையிடம் முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இறங்க வேண்டும்.

ஒவ்வொரு தேரைக்கும் புதுக் கையுறை. ஒரு தேரையின் தோல்நோயை இன்னொன்றுக்குக் கடத்தாமல் இருக்க இது முக்கியம். கையுறையை நீரில் நனைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும், காய்ந்த ரப்பர் அதன் தோலை உரசும். கழுத்துச் சுரப்பியை அழுத்தினால் பால்போல நஞ்சு கசியும், அந்தக் கை கண்ணுக்குப் போகக் கூடாது. முதலில் தேரையின் உடம்பில் ஒட்டிய மண்ணை நீர் ஊற்றி அலச வேண்டும். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள், குளோரினைத் தோல் உறிஞ்சும். வாய் அகன்ற வாளியில் ஒருநாள் திறந்து வைத்த நீர் நல்லது. இந்த அலசலைத் தவிர்த்தால் மண்ணில் இயல்பாக வாழும் நூற்புழுக்கள் எச்சத்தோடு கலந்து, பின்னால் வரும் எண்ணிக்கை முழுவதும் பாழ்.

மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில், நனைத்துப் பிழிந்த வெள்ளை டிஷ்யூ தாளை விரித்து, ஒரு டப்பாவுக்கு ஒரு தேரை என்று ஓரிரவு வைத்தால் காலையில் பெரும்பாலும் எச்சம் கிடைக்கும். இல்லையென்றால் இன்னொரு இரவு, அதற்குமேல் வேண்டாம். பிடித்த இடத்திலேயே, இருட்டிய பிறகு விட்டுவிட வேண்டும். வேறு தெருவில் விட்டால் புழுவையும் அங்கே நட்டதாகும்.

எச்சத்தில் கடுகளவு எடுத்து, 0.65% உப்புக் கரைசலில் (ஒரு லிட்டருக்கு 6.5 கிராம் உப்பு) ஸ்லைடில் கரைத்து, கவர்ஸ்லிப் மூடி, முதலில் 10 மடங்கு லென்ஸில் தேடுங்கள். நெளியும் இளம்புழு தென்பட்டால் அயோடின் ஒரு சொட்டு ஓரத்தில் விட்டால் ஓட்டம் நிற்கும், உள்ளுறுப்பு நிறம் ஏறித் தெளியும். பிறகு 40 மடங்கு. உணவுக்குழல் முன்னே தடித்து, நடுவில் இடுங்கி, பின்னே குமிழாக முடியும். இதை வைத்து மட்டும் ராப்டியாஸ் என்று முடிவுகட்டாதீர்கள். தேரையின் குடலில் வாழும் வேறு நூற்புழுக்களின் இளம்புழுவும், மண்ணின் நூற்புழுக்களும் இதே அமைப்புடையவை. உறுதி செய்ய வளர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுப்புக்கரியை நன்றாகப் பொடித்துச் சலித்து, கழுவி உலர்த்தி, எச்சத்துக்குச் சம அளவு கலந்து, பெட்ரி தட்டில் வடிதாள் மேல் அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். ஈரத்தின் பதம் கையால்தான் தெரியும்: பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் காற்றில்லாமல் அழுகும். உருண்டை உதிர்ந்தால் புழு காயும். கூடவே, கரியும் நீரும் மட்டும் உள்ள ஒரு தட்டையும் வையுங்கள். அதில் புழு வந்தால் உங்கள் கரியிலோ நீரிலோ குற்றம், அந்த முறை எடுத்த எதையும் எழுதக் கூடாது. 25 முதல் 28 பாகை ஏற்றது. வேலூர்க் கோடையில் அறையே 35-ஐத் தாண்டும். தட்டுகளை ஈரமணல் பரப்பிய புதுப் பானைக்குள் வைத்து ஈரத்துணியால் வாய் கட்டினால் சூடு குறையும். நாள்தோறும் ஒரு நிமிடம் திறந்து காற்று விட வேண்டும். பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்தால் எச்சம் அதிகம், கரி குறைவு என்று பொருள்.

இரண்டாம் மூன்றாம் நாள் சிறு துளி எடுத்துப் பார்த்தால் ஆணும் பெண்ணும் கிடைக்கும். நான்காம் நாளுக்கு மேல் தாயின் தோலுக்குள் பெரிய இளம்புழுக்கள் புரள்வதைத் தேடுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. மண்ணின் சாதாரண நூற்புழுவும் பசியில் வாடினால் குட்டிகளைத் தன் வயிற்றுக்குள்ளேயே பொரிக்கும். ஆனால் அவை நிறைய இருக்கும், பொடியாக இருக்கும். ராப்டியாஸில் எண்ணிக்கை ஒற்றை இலக்கம், ஒவ்வொன்றும் தாயின் உடம்பையே அடைக்கும் நீளம். ஐந்திலிருந்து ஏழு நாளில் தொற்றும் பருவ இளம்புழுக்கள் வெளிவரும். அவற்றைப் பிரிக்க, தட்டின் வடிதாளை அப்படியே எடுத்து, கவிழ்த்த சிறு மூடிமேல் வைத்து, அகலமான தட்டில் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் நீர் ஊற்றி மூடிவிடுங்கள். தாளின் ஓரம் நீரைத் தொட வேண்டும். விடிவதற்குள் இளம்புழுக்கள் நீரில் இறங்கியிருக்கும்.

மழை இரவில் வண்டியில் அடிபட்டுச் செத்த தேரை கிடைத்தால், அனுமதி இருந்தால், முதிர்ந்த புழுவையும் எடுக்கலாம். செத்து இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் நல்லது. நுரையீரலை 0.65% உப்புக் கரைசலில் போட்டு ஊசியால் மெல்லப் பிரிக்க வேண்டும். வெறும் தண்ணீரில் போட்டால் புழு நீரை உறிஞ்சி ஊதி வெடித்துவிடும், வெடித்த புழுவில் தலையும் வாலும் அளக்க இயலாது. அளப்பதற்கு வேண்டிய புழுவை, ஆவி பறக்கும் அளவு சூடேற்றிய 70% ஆல்கஹாலில் போட்டால் சுருளாமல் நிமிர்ந்து நிற்கும். சூடேற்ற வெந்நீர்ப் பாத்திரம்தான், நேர் நெருப்பு கூடாது. டிஎன்ஏவுக்கு வேண்டியது 95% ஆல்கஹாலில் தனியாக. ஃபார்மலினில் போட்ட புழுவின் டிஎன்ஏ பெரும்பாலும் பயன்படாது. பழைய கல்லூரி அருங்காட்சியகக் குப்பிகளில் கிடக்கும் புழுக்களுக்கு இன்று சரியான பெயர் வைக்க முடியாமல் போனதற்கு ஃபார்மலினே முக்கியக் காரணம்.

எச்சத்தில் இளம்புழு இல்லையென்றால் தேரையில் புழு இல்லை என்று ஆகாது. புழு நுழைந்து சில வாரம் ஆகாமல் முட்டை வராது. அதுபோல, இளம்புழுக்களின் எண்ணிக்கையிலிருந்து நுரையீரலில் எத்தனை புழு என்று கணக்குப் போடவும் முடியாது. தேரை அன்று எவ்வளவு தின்றது, எச்சம் எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதெல்லாம் அந்த எண்ணை மாற்றும். பதிவேட்டில் இருக்கிறது, இல்லை என்பதோடு, எச்சம் எடுத்த நேரம், தேரையின் நீளம், இடத்தின் ஈரம், அந்த வாரம் பெய்த மழை ஆகிய நான்கையும் எழுதினாலே போதும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பாய்ந்த நிலங்களில் எடுத்தால் அதைத் தனியாகக் குறிக்க வேண்டும். உப்பேறிய மண் வேறு மண், அதை மற்றவற்றோடு சேர்த்துக் கூட்டக் கூடாது.

ஓர் ஆண்டு பார்ப்பதாக இருந்தால் மே கடைசி, ஜூலை நடு, நவம்பர், பிப்ரவரி என்று நான்கு முறை போதும். ஒவ்வொரு முறையும் ஆண்டு முழுதும் நனையும் ஒரு குழாயடியிலும், மழைக்கு மட்டும் நனையும் ஒரு மானாவாரி நிலத்திலும் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் இரண்டிடத்தின் தேரைகளும் ஒன்றுபோலத் தெரியலாம். வேறுபாட்டைத் தேட வேண்டிய எச்சம் மே மாதத்தினுடையது. அதில் குழாயடித் தேரைக்கும் மானாவாரித் தேரைக்கும் இடையே இளம்புழு உள்ளவற்றின் விகிதம் மாறினால், அந்தத் தெருவில் கோடையிலும் புழுவைப் பரப்புவது வாளி கழுவி ஊற்றும் தண்ணீர் என்று எழுத அடிப்படை கிடைக்கும்.